தன்பியூசயாட் போர்க் கல்லறையில் என் பாட்டனாரின் தமையனார் பெயர் இருக்குமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாக எடுத்துச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உங்கள் பாட்டனாரின் தமையனார் ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து மலாயாவுக்குப் போனவர். எந்த ஆண்டு போனார் என்பது வீட்டில் யாருக்கும் நினைவில்லை. யுத்த காலத்தில் பர்மாவில் இறந்தார் என்று மட்டும் சேதி வந்தது. ‘பட்டாளத்தில் இருந்தார்’ என்று ஒரு பேச்சும், ‘சயாம் ரயிலில் போனவர்’ என்று இன்னொரு பேச்சும் குடும்பத்தில் உண்டு. பர்மாவின் மோல்மேன் நகருக்குத் தெற்கே தன்பியூசயாட்டில் ஒரு சிறிய இராணுவக் கல்லறைத் தோட்டம் இருப்பதாகக் கேள்விப்பட்டு, அங்கே போனால் அவர் கல்லைப் பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி ஒரு கல்லைப் பற்றியது போலத் தோன்றினாலும், அதற்கு முன்னால் தீர்க்க வேண்டியது வேறொன்று. அவர் இறந்தபோது அவர் பெயரை எழுதிவைக்கும் பொறுப்பு யாருக்கு இருந்தது, அப்படி ஒருவர் இருந்தாரா என்பதுதான் அது.

நான் மோல்மேனில் பிறந்து வளர்ந்த தமிழன். தமிழ்நாட்டிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் இப்படித் தேடி வரும் குடும்பங்களுக்குப் பல ஆண்டுகளாக இங்கிருந்து வழிகாட்டி வருகிறேன். போரில் இறந்த பிரித்தானிய, காமன்வெல்த் நாட்டுப் படையினரின் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவுகளைப் படித்துப் பொருத்திப் பார்ப்பதும் அதோடு சேர்ந்து பழகிய வேலை. நீங்கள் தந்த விவரங்களை மட்டும் வைத்துக்கொண்டு ‘இருக்கிறது’ அல்லது ‘இல்லை’ என்று என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது. எந்த வழி வீண், எந்த வழியில் பலன் இருக்கக்கூடும் என்பதைச் சொல்ல முடியும்.

முதலில் நிச்சயமானவை. தன்பியூசயாட் போர்க் கல்லறைத் தோட்டம் மோல்மேனிலிருந்து தெற்கே ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அதில் காமன்வெல்த் படையினர் 3,149 பேரும் டச்சுப் படையினர் 621 பேரும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். இவர்களில் மிகப் பெரும்பாலோர் பிரித்தானியர், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர். ஜப்பானியர்களிடம் கைதிகளாகப் பிடிபட்டு, பர்மாவையும் சயாமையும் (இன்றைய தாய்லாந்து) இணைத்த 415 கிலோமீட்டர் ரயில் பாதையை அமைக்கும் வேலையில் பட்டினியாலும் காலராவாலும் வயிற்றுப்போக்காலும் மலேரியாவாலும் அடி உதையாலும் இறந்தவர்கள். பாதையில் சுமார் 111 கிலோமீட்டர் பர்மாவுக்குள் இருந்தது. தன்பியூசயாட்தான் இந்தப் பக்கத்தின் தொடக்க முனை. போர்க் கைதிகளின் தலைமை முகாமும் 1943 ஜனவரி முதல் நோயாளிகளுக்கான பெரிய மருத்துவமனையும் இங்கேதான் இருந்தன. ரயில் நிறுத்தத் தளத்துக்கும் பட்டறைகளுக்கும் பக்கத்திலேயே முகாம் அமைந்திருந்ததால், அந்த ஆண்டு மார்ச்சிலும் ஜூனிலும் நேச நாட்டு விமானங்கள் வீசிய குண்டுகளுக்குக் கைதிகளே பலியானார்கள். அதன் பிறகு நோயாளிகள் உட்பட எல்லாரையும் பாதையோரமாக உள்ளே இருந்த முகாம்களுக்கு நடக்கவிட்டார்கள்.

கல்லறைத் தோட்டம் பிற்பாடு உருவானது. இறந்தவர்களை அந்தந்த முகாமின் அருகிலேயே, காட்டோரத்தில், மூங்கில் சிலுவை நட்டுப் புதைத்திருந்தார்கள். 1945 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், விடுதலை பெற்ற கைதிகளிலிருந்து முன்வந்தவர்களையும் சேர்த்துக்கொண்டு ஒரு சிறு குழு பாதை நெடுகப் பயணம் செய்து, 144 இடங்களில் 10,000-க்கும் மேற்பட்ட கல்லறைகளை அடையாளம் கண்டது. மழைக்காடு மூடியிருந்த இடத்தில் இவ்வளவையும் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் உங்கள் கேள்விக்கு முக்கியம். கைதிகளுக்குள் அதிகாரிகள் இருந்தார்கள், பாதிரிமார்கள் இருந்தார்கள், மருத்துவர்கள் இருந்தார்கள். யார், எந்தத் தேதியில், எந்த நோயால் இறந்தார், எந்தக் குழியில் புதைக்கப்பட்டார் என்பதைக் காவலர்களின் கண்ணில் படாமல் எழுதி, டப்பாக்களிலும் குப்பிகளிலும் அடைத்து, சில இடங்களில் கல்லறைக்குள்ளேயே ஒளித்துவைத்தார்கள். அந்தக் குறிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டுதான் குழு தேடியது. பின்னர் மோல்மேனுக்கும் நீக்கே என்ற இடத்துக்கும் இடைப்பட்ட வடபகுதிக் கல்லறைகள் தன்பியூசயாட்டுக்கும், மற்றவை சயாமில் காஞ்சனபுரிக்கும் சுங்காய்க்கும் மாற்றப்பட்டன. அமெரிக்கக் கைதிகளின் உடல்களை அமெரிக்கா தன் நாட்டுக்கே எடுத்துச் சென்றது.

இனி உங்கள் பெரியவருக்கு வருகிறேன். மலாயாவுக்குப் போனவர் என்பதை இரண்டு விதமாகப் புரிந்துகொள்ளலாம்: ரப்பர்த் தோட்டத்துக்குப் போனாரா, அல்லது 1941-இல் இந்தியப் படையோடு கப்பலேறினாரா? படையோடு போயிருந்தால், 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் சரணடைந்தபோது அவர் கைதியாகியிருப்பார். அங்கே இந்தியச் சிப்பாய்களைப் பிரித்தானியர், ஆஸ்திரேலியர்களிடமிருந்து பிரித்து, பிப்ரவரி 17 அன்று ஃபாரர் பார்க் திடலில் தனியே கூட்டினார்கள். 40,000-க்கும் மேற்பட்டோர் அங்கே இருந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தார்கள். சேர மறுத்தவர்களில் பலரை ஜப்பானியர்கள் நியூ கினி போன்ற தீவுகளுக்கு வேலைப் படைகளாகக் கப்பலேற்றினார்கள். சயாம் பாதையில் வேலை வாங்கப்பட்ட சுமார் 60,000 போர்க் கைதிகள் பிரித்தானியரும் டச்சுக்காரரும் ஆஸ்திரேலியரும் சில நூறு அமெரிக்கரும்தான். ஆகவே ‘இந்தியப் பட்டாளத்துச் சிப்பாய், கைதியாகி, சயாம் ரயில் வேலையில் இறந்தார்’ என்ற கதை கேட்பதற்குப் பொருத்தமாக இருந்தாலும் நடந்திருப்பதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. தன்பியூசயாட்டில் அவர் கல்லைத் தேடுவதற்கு முன் இதை மனத்தில் வையுங்கள்.

தோட்டத் தொழிலாளியாகப் போயிருந்தால் நிலைமை முற்றிலும் வேறு. மலாயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர்கள் ஆசை காட்டியும், பிறகு பலவந்தமாகவும் திரட்டிய தமிழர்கள் பெரும்பாலும் ரயிலில் சயாமின் பான் போங் வரை கொண்டுபோகப்பட்டு, அங்கிருந்து நடந்தே முகாம்களுக்குப் போனார்கள். பர்மாப் பக்கத்தில், பர்மியர்கள் ‘வியர்வைப் படை’ என்று சொல்லும் கட்டாய வேலைக் கூட்டத்தில் இந்த நாட்டுக்காரர்கள் திரட்டப்பட்டார்கள். கைதிகளில் இறந்தவர்கள் சுமார் 13,000 பேர். கட்டாயத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் 80,000 முதல் 1,00,000 வரை என்று கல்லறை ஆணையமே மதிப்பிடுகிறது. முதல் எண் பெயர்ப் பட்டியல்களின் மேல் நிற்பது. இரண்டாவது வெறும் மதிப்பீடு, அதற்குப் பின்னால் பட்டியல் இல்லை. கூலிகளின் முகாம்களில் கங்காணி இருந்தார், கணக்கெழுதும் அதிகாரி இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது இறந்தவர்களைப் பெருங்குழிகளில் இட்டு மூடினார்கள், அல்லது எரித்தார்கள். ஒரே பாதையில், ஒரே நோயில், அடுத்தடுத்த முகாம்களில் இறந்த இரண்டு பேரில் ஒருவருக்கு எண்ணும் பெயரும் வயதும் பொறித்த வெண்கலத் தகடு இருக்கிறது, மற்றவருக்கு எதுவும் இல்லை என்றால், சாவின் தன்மை அதற்குக் காரணம் ஆகாது. பக்கத்தில் பென்சிலோடு ஒருவர் இருந்தாரா என்பதே காரணம். போர்க் கல்லறை ஆணையத்தின் பொறுப்பு படையில் பெயர் பதிந்தவர்களோடு முடிந்துவிடுகிறது. கூலியாட்கள் அந்த வரம்புக்கு வெளியே விடப்பட்டார்கள். இதைக் குறையாகத்தான் நான் பார்க்கிறேன், ஆனால் குறை என்று சொல்வதால் தன்பியூசயாட்டில் ஒரு கல் முளைத்துவிடாது. பெரியவர் தொழிலாளியாக இறந்திருந்தால் அந்தத் தோட்டத்தில் அவர் பெயர் இருக்காது. இதை நான் ஏறக்குறைய உறுதியாகவே சொல்கிறேன்.

‘பட்டாளம்’, ‘சயாம் ரயில்’ என்ற இரண்டு பேச்சும் ஒரே ஆளைப் பற்றி உண்மையாக இருக்க ஒரு வழி உண்டு. பல குடும்பங்கள் அதை யோசிப்பதில்லை. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் தலைமை ஏற்ற பிறகு, இந்திய தேசிய இராணுவத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்தும் நகரங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கான தமிழர்கள், அதற்கு முன் துப்பாக்கியைத் தொட்டே பார்க்காதவர்கள், சேர்ந்தார்கள். அந்தப் பாதை 1943 அக்டோபரில் இணைக்கப்பட்ட பின், இந்தப் படையின் பிரிவுகள் பர்மாவுக்கு வந்ததும் அதே ரயில் வழியாகத்தான். அதே இராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையினரும் அவ்வழியே வந்தார்கள். ஆக, ‘சயாம் ரயிலில் போனவர்’ என்பது ரயில் போடப் போனவர் என்றில்லாமல், அந்த ரயிலில் ஏறிப் போர்முனைக்குப் போனவர் என்றும் இருக்கலாம். உங்கள் வீட்டில் அந்தச் சொற்றொடரை யார், எந்தத் தொனியில் சொன்னார்கள் என்பதைப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ‘நேதாஜி’ என்ற பெயரோ, ‘ஜெய் ஹிந்த்’ என்ற வணக்கமோ வீட்டுப் பேச்சில் எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருந்தால் இந்த வழியை முதலில் எடுங்கள். இது ஊகம்தான், ஆனால் உங்கள் விவரங்களுக்கு மற்ற எல்லாவற்றையும் விட நன்றாகப் பொருந்துகிற ஊகம். இம்பாலிலிருந்து பின்வாங்கிய பாதையிலும், 1945-இல் ஐராவதிக் கரையிலும் போப்பா மலைப் பக்கத்திலும் இந்தப் படையினர் பலர் இறந்தார்கள். அவர்கள் பிரித்தானியருக்கு எதிராகப் போரிட்ட படை என்பதால் காமன்வெல்த் பதிவேடுகளில் அந்தத் தகுதியில் இடம் இல்லை. அவர்களைப் பற்றிய கோப்புகள் புது தில்லியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தேடவேண்டிய இடம் அதுதான்.

இன்னொரு சாத்தியத்தையும் விட்டுவிடக் கூடாது. மலாயா என்பது வீட்டில் பின்னாளில் கலந்த பெயராக இருந்து, அவர் இந்தியாவிலிருந்து நேராகப் பர்மாப் போர்முனைக்கு வந்த சிப்பாயாக இருக்கலாம். மதராஸ் ரெஜிமென்ட்டிலும், மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியியல் படையிலும், சப்ளைப் படையிலும், சாலை போட்ட பயனியர் படையிலும் தமிழர்கள் பெருமளவில் இருந்தார்கள். அப்படியானால் நீங்கள் போகவேண்டிய இடம் தன்பியூசயாட் அல்ல, ரங்கூனுக்கு வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டரில், பியே சாலையில் இருக்கும் தௌக்சான் போர்க் கல்லறைத் தோட்டம். அக்யாப், மண்டலே, மெய்த்தீலா, சாமோ ஆகிய நான்கு இடங்களில் இருந்த போர்க்களக் கல்லறைகளைப் பராமரிக்க முடியாமல் போனதால், 1951 முதல் அவற்றை இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். இங்கே 6,374 கல்லறைகள் உள்ளன. அவற்றின் நடுவே நிற்கும் ரங்கூன் நினைவு மண்டபத்தின் தூண்களில், கல்லறை எதுவென்று தெரியாத ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்கள் படைப்பிரிவு வாரியாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. தத்தம் சமய வழக்கப்படி எரியூட்டப்பட்ட 1,000-க்கும் மேற்பட்டோருக்கு அதே வளாகத்தில் தனியாக ஒரு தகன நினைவுச் சின்னமும் உண்டு.

நம்மவர்கள் அடிக்கடி ஏமாந்து திரும்புவது இந்த இடத்தில்தான். கல்லறை வரிசைகளில் நடந்து நடந்து பார்த்துவிட்டு, ‘இந்து பெயரே காணோம், நம் ஆட்களை விட்டுவிட்டார்கள்’ என்று சொல்லிப் போகிறவர்களைக் கண்டிருக்கிறேன். இந்துச் சிப்பாயின் உடல் எரிக்கப்பட்டிருந்தால் கல்லறை இருக்க வழியில்லை. அவர் பெயர் தூணிலோ தகனச் சின்னத்திலோதான் இருக்கும். தமிழ்க் கிறிஸ்தவரோ தமிழ் முஸ்லிமோ ஆனால், உடல் அடையாளம் காணப்பட்டிருந்தால், கல்லறையே இருக்கலாம். ஆகவே குடும்பத்தின் சமயம் தேடலில் முதல் கேள்வியாகிறது. மண்டபத்தில் ‘சுதந்திர மனிதர் அனைவருக்காகவும் இவர்கள் இறந்தார்கள்’ என்ற பொருளில் ஆங்கிலம், பர்மியம், இந்தி, உருது, குர்முகி ஆகியவற்றில் பொறித்திருக்கிறார்கள். மதராஸ் படைப்பிரிவுகளின் பெயர்ப் பட்டியல் அதே தூண்களில் நீளமாக இருக்க, தமிழில் ஒரு வரியும் இல்லாதது எனக்கு எப்போதும் உறுத்தும்.

1942-இல் ஜப்பானியர் வந்தபோது ரங்கூனிலிருந்தும் ஐராவதி டெல்டாவிலிருந்தும் கால்நடையாக இந்தியாவுக்குப் புறப்பட்டு, எல்லையிலுள்ள தாமு வழியில் இறந்த சாமானிய மக்களும் ‘யுத்தத்தில் பர்மாவில் இறந்தவர்கள்’தான். உங்கள் பெரியவர் மலாயாக்காரர் என்பது சரியானால் இது பொருந்தாது. அதனால் இதோடு விடுகிறேன்.

தேடும் முறையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெயர் இருந்தும் கண்டுபிடிக்க முடியாமல் போவது அதிகம். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இறந்தவர்களின் பட்டியலைக் கட்டணமின்றித் தேடலாம். 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை படைச் சேவையில் இறந்தவர்கள் அதில் அடங்குவர். தமிழ்ப் பெயர்களைப் படை எழுத்தர்கள் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார்கள். முனுசாமி, கோவிந்தசாமி போன்ற பெயர்கள் ‘ஐ’ எழுத்திலும் முடியும், ‘ஒய்’ எழுத்திலும் முடியும். நடுவில் ‘டபிள்யூ’ வந்தும் வராமலும் இருக்கும். ‘உ’ ஒலிக்கு ஒற்றை ‘யூ’ போட்டவரும் உண்டு, இரட்டை ‘ஓ’ போட்டவரும் உண்டு. பழனியாண்டி என்பது ஒரு சொல்லாகவும் இரண்டு சொல்லாகவும் கிடைக்கும். தலைப்பெழுத்து பெரும்பாலும் இருக்காது. தகப்பனார் பெயர் ‘இன்னாரின் மகன், இன்ன ஊர்’ என்று கூடுதல் குறிப்பில் வரலாம். ஊரைத் தேடும்போது இன்றைய மாவட்டப் பெயரைப் போடாதீர்கள். ராமநாதபுரம் ‘ராம்நாட்’ என்றும், தஞ்சாவூர் ‘டாஞ்சூர்’ என்றும், திருச்சி ‘ட்ரிச்சினாபோலி’ என்றும் எழுதப்பட்டிருக்கும். அன்றைய ராம்நாட் மாவட்டத்தில் இன்றைய சிவகங்கையும் விருதுநகரும் அடங்கியிருந்தன. பெயரில் முதல் நான்கைந்து எழுத்தை மட்டும் இட்டு, இந்தியப் படை என்று குறுக்கி, வரும் பட்டியலைப் பொறுமையாகப் படிப்பதே பலன் தரும் முறை. பதிவு கிடைத்துவிட்டால், கல்லறையானால் வரிசை எண்ணும், மண்டபமானால் தூணின் முக எண்ணும் அதிலேயே இருக்கும். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு போனால் கால் மணி நேரத்தில் பெயருக்கு முன்னால் நிற்கலாம்.

ஆனால் ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். மாரிமுத்து என்றோ அந்தோணி என்றோ ஒரு பெயரைக் கண்டவுடன் ‘கிடைத்துவிட்டார்’ என்று முடிவு செய்யாதீர்கள். அதை உறுதிப்படுத்துவது படை எண் ஒன்றுதான். வீட்டில் பழைய தகரப் பெட்டி இருந்தால் துழாவுங்கள். விதவைக்குப் பென்ஷன் வந்திருந்தால், அந்தப் புத்தகத்தில் எண் இருக்கும். ஆறு முனை கொண்ட வெண்கல நட்சத்திரம் ஏதாவது கிடைத்தால் திருப்பிப் பாருங்கள். இந்தியப் படையினருக்குத் தரப்பட்ட அத்தகைய பதக்கங்களின் பின்புறத்தில் எண்ணும் பெயரும் பிரிவும் பொறிப்பது வழக்கம். நடுவில் சிவப்பும், இருபுறம் நீலமும், நீலத்தின் நடுவே ஆரஞ்சுக் கோடும் உள்ள நாடா ஒட்டியிருந்தால் அது பர்மா நட்சத்திரம். அவர் இந்தியப் படையில் இருந்தார் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம், சயாம் ரயில் கதையையும் அதோடு ஒதுக்கிவிடலாம். எண் கிடைத்த பிறகு, மதராஸ் ரெஜிமென்ட்டானால் நீலகிரி வெலிங்டனில் உள்ள அதன் மையத்துக்கும், சாப்பர்ஸ் ஆனால் பெங்களூரில் உள்ள மதராஸ் பொறியாளர் பிரிவின் மையத்துக்கும் கடிதம் எழுதிக் கேட்கலாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வழியாக எழுதினால் பதில் வர வாய்ப்பு அதிகம். சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளில் ஜப்பானியர் காலத்தைப் பற்றித் தமிழிலேயே பேசியவர்களின் நேர்காணல்கள் உண்டு. தொழிலாளி வழியானால், அவற்றிலிருந்து அவர் பெயர் கிடைக்கும் என்று சொல்லமாட்டேன். எப்படிப்பட்ட முகாமில் இருந்திருப்பார் என்பது விளங்கும்.

எந்த வழியும் பலிக்காவிட்டாலும் தன்பியூசயாட்டைப் பார்க்க விரும்பினால் தாராளமாக வாருங்கள், கல்லைத் தேடி வரவேண்டாம். தோட்டம் சிறியது, பராமரிப்பு நன்றாக இருக்கிறது. தாழ்ந்த பீடங்களின் மேல் வெண்கலத் தகடுகள் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றிலும் எண், பதவி, பெயர், பிரிவு, இறந்த நாள், வயது, அடியில் குடும்பத்தார் கேட்டுப் பொறிக்கச் சொன்ன ஒரு வரி. பூ வைக்கலாம். ஊரிலேயே 2016-இல் திறந்த ரயில் பாதை அருங்காட்சியகமும் உள்ளது. 2021-க்குப் பிறகு மோன் மாநிலத்துச் சாலைகளின் நிலை மாதத்துக்கு மாதம் மாறுவதால், பயணச்சீட்டு எடுப்பதற்கு முன் மோல்மேனில் உள்ள கோயில் நிர்வாகத்தாரிடமோ தெரிந்த தமிழ்க் குடும்பத்தாரிடமோ அப்போதைய நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் மூன்று விவரங்களைத் திரட்டுங்கள்: அவர் முழுப் பெயரும் தகப்பனார் பெயரும், ஊர், சேதி எப்படி வந்தது என்பது. சேதி அரசாங்கத் தந்தியாகவோ அச்சடித்த படிவமாகவோ வந்திருந்தால் அவர் இந்தியப் படைக்காரர். தௌக்சான் பதிவில் தேடத் தொடங்குங்கள். யுத்தம் முடிந்து மலாயாவிலிருந்து திரும்பிய ஊர்க்காரர் வாய்மொழியாகச் சொன்னார் என்றால் தொழிலாளியாகவோ நேதாஜியின் படையினராகவோ இருந்திருக்க வேண்டும். அந்த ஊர்க்காரரின் பிள்ளைகளைக் கண்டுபிடித்து, அவர் எந்தத் தோட்டத்தில் வேலை பார்த்தார், திரும்பி வந்தபோது எந்த வழியாக வந்தார் என்று கேளுங்கள். அந்தப் பதிலை இங்கே எழுதினால் அடுத்து எங்கே பார்க்கலாம் என்று சொல்கிறேன்.